கத்தி யாருடையது? இஸ்லாமியத் தத்துவமும் மதச்சார்பின்மையும் – ஓர் எளிய விளக்கம்

இஸ்லாமியத் தத்துவம் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். ஒன்று: "இமாம் கஸ்ஸாலி தத்துவத்தை மறுத்து ஒரு புத்தகம் எழுதினார், அத்தோடு முஸ்லிம் உலகில் அறிவியலே படுத்துவிட்டது." இன்னொன்று: "ஐரோப்பாவுக்குப் பகுத்தறிவையும் மதச்சார்பின்மையையும் சொல்லிக்கொடுத்ததே இப்னு ருஷ்த்தான்." இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவர்களும் உண்டு. (இருவரும் 11, 12ஆம் நூற்றாண்டு முஸ்லிம் அறிஞர்கள்; பின்னால் விரிவாக வருவார்கள்.) முதலாவது பெரும்பாலும் தவறு. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் சொல்பவர்கள் நினைக்கிற இடத்தில் அது இல்லை.

தத்துவமோ அரபியோ தெரியாமல் புதிதாக வருகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வழியில் வரும் புதுச் சொற்களை அங்கங்கே விளக்கிவிடுகிறேன்.

இரண்டு கேள்விகள், ஒரு வீடு

ஒரு கூட்டுக்குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பேரனுக்குக் காய்ச்சல். தாத்தா கஷாயம் குடிக்கச் சொல்கிறார்; பேரன் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைதான் சரி என்கிறான். எது உண்மை, அதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் அங்கே தகராறு. இதை அறிவுக் கேள்வி என்று வைத்துக்கொள்வோம்.

அதே பேரன் கல்யாணமானதும், "எங்களுக்குத் தனி அடுப்பு வேண்டும், என் சம்பளத்தை நான்தான் செலவு செய்வேன்" என்கிறான். இப்போது தகராறு, யார் சொல் யாரைக் கட்டுப்படுத்தும் என்பதில். இது அதிகாரக் கேள்வி.

இரண்டும் சேர்ந்தேதான் வரும் என்று கட்டாயம் இல்லை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே தாத்தாவின் வீட்டில் கடைசிவரை இருப்பவன் உண்டு. தனிக்குடித்தனம் போய், அங்கேயும் தாத்தாவின் கஷாயத்தையே காய்ச்சிக் குடிப்பவனும் உண்டு.

இடைக்கால முஸ்லிம் தத்துவவாதிகள் கேட்டது அறிவுக் கேள்வி. மதச்சார்பின்மை, அதாவது மதத்தின் சொல் அரசைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பது, அதிகாரக் கேள்விக்குச் சொல்லப்பட்ட ஒரு பதில். இந்தத் துறையில் நடக்கும் குழப்பங்களில் பாதிக்கு மேல், முன்னதைப் பின்னதாக எடுத்துக்கொள்வதால் வருகின்றன.

பாக்தாதில் தொடங்கியது

பாக்தாத் நகரம் 762இல் எழுந்தது. அடுத்த இருநூறு ஆண்டுகளில் அப்பாஸிய கலீஃபாக்களின் (முஸ்லிம் பேரரசின் ஆட்சித்தலைவர்களின்) ஆதரவோடும் செல்வந்தர்களின் பணத்தோடும் கிரேக்க நூல்கள் அரபிக்கு வந்துகொண்டே இருந்தன. மருத்துவம், வானியல், கணிதம், அரிஸ்டாட்டிலின் தர்க்கம் எல்லாம் வந்தன. பெயர்த்தவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். அவர்களில் பெரியவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக், நெஸ்டோரியச் சபையைச் சேர்ந்தவர். கிரேக்கத்திலிருந்து சிரியாக் மொழிக்கும், அங்கிருந்து அரபிக்கும் நூல்கள் கைமாறின.

இப்படி வந்த கிரேக்கச் சிந்தனையை எடுத்து முஸ்லிம்கள் வளர்த்த துறைக்கு ஃபல்ஸஃபா என்று பெயர். அதன் முதல் பெரிய ஆள் அல்-கிந்தி. உண்மை எங்கிருந்து வந்தாலும், நமக்கு அந்நியமான தொலைதூரத்து மக்களிடமிருந்தே வந்தாலும், அதை ஏற்க வெட்கப்படக் கூடாது என்று எழுதியவர் அவர். அப்புறம் அல்-ஃபாராபி, அவருக்குப் பின் இப்னு சீனா. அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருள் நூலை நாற்பது முறை படித்தும் தமக்குப் புரியவில்லை என்றும், கடைத்தெருவில் மூன்று திர்ஹத்துக்கு வாங்கிய ஃபாராபியின் சிறு நூல்தான் கண்ணைத் திறந்தது என்றும் இப்னு சீனாவே தம் வாழ்க்கைக் குறிப்பில் சொல்கிறார். தத்துவம் புரியவில்லையே என்று சோர்ந்துபோகிறவர்களிடம் இதை நான் எப்போதும் சொல்வேன்.

ஃபல்ஸஃபாவுக்கு ஒரு போட்டித் துறையும் இருந்தது. அதன் பெயர் கலாம். இறைவன், நபித்துவம், மறுமை போன்ற மார்க்க நம்பிக்கைகளைத் தர்க்கத்தால் நிறுவிக் காப்பதே அதன் வேலை. கலாம் அறிஞரும் தர்க்கம்தான் பேசுகிறார், ஃபல்ஸஃபாக்காரரும் தர்க்கம்தான் பேசுகிறார். ஒருவர் வேதத்திலிருந்து கிளம்புகிறார், மற்றவர் பொது அறிவு ஒப்பும் முதற்கூற்றுகளிலிருந்து (வாதம் தொடங்கும் அடிப்படைக் கூற்றுகளிலிருந்து) கிளம்புகிறார். ஆகவே "பகுத்தறிவு எதிர் மதம்" என்ற படம் இங்கே பொருந்தாது. மோதியவை, பகுத்தறிவைப் பயன்படுத்தும் இரண்டு முறைகள்.

பஞ்சும் நெருப்பும்

இனி கஸ்ஸாலி. 1058இல் இன்றைய ஈரானில் உள்ள தூஸில் பிறந்தவர். 1091இல் பாக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் பேராசிரியரானார். தமிழ் முஸ்லிம் வீடுகளில் 'இஹ்யா' என்ற மார்க்க நூலை எழுதிய இமாமாக அவரைத் தெரியும். தத்துவவாதிகளை மறுத்து அவர் எழுதிய நூலின் பெயரை "தத்துவவாதிகளின் குளறுபடி" என்று தமிழில் சொல்லலாம். அதில் இருபது விவாதங்கள். அவற்றில் மூன்று கருத்துகளை மட்டும்தான் மார்க்கத்துக்கு வெளியே தள்ளினார்: உலகம் தொடக்கமில்லாதது என்பது, இறைவன் தனித்தனி நிகழ்ச்சிகளை அந்தந்தத் தனிமையில் அறிவதில்லை என்பது, உடலோடு மீண்டெழுதல் இல்லை என்பது. மீதிப் பதினேழும் தவறுகள்தான், ஆனால் இறைமறுப்பு ஆகாது என்பது அவர் முடிவு.

அந்த நூலின் முன்னுரையிலேயே இன்னொன்றும் சொல்கிறார். கிரகணம் எப்படி ஏற்படுகிறது என்பதை வானியலார் கணக்குப் போட்டு நிரூபித்திருக்கிறார்கள். மார்க்கத்தைக் காப்பதாக நினைத்து இதை மறுப்பவர் மார்க்கத்துக்கே கேடு செய்கிறார் என்கிறார். தர்க்கத்தையும் அவர் ஒதுக்கவில்லை. சட்டக் கோட்பாடு பற்றிய தம் பெரிய நூலைத் தர்க்கத்தில் தொடங்கி, அது தெரியாதவரின் கல்வியை நம்ப முடியாது என்று எழுதினார். இன்றும் மதரஸாக்களில் மன்திக் என்ற பெயரில் தர்க்கம் பாடமாக நிலைத்திருப்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, அப்படியானால் அவர்மேல் ஏன் இவ்வளவு பழி? பதினேழாம் விவாதம்தான் காரணம். அது காரணம்-விளைவு பற்றியது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் ஒன்று மற்றதை உண்டாக்கியது என்று ஆகாது. கஸ்ஸாலி இந்த எச்சரிக்கையை ஒரே ஒரு தடவை நடந்த நிகழ்ச்சியோடு நிறுத்தாமல், எப்போதும் சேர்ந்தே நடப்பவற்றுக்கும் நீட்டுகிறார். பஞ்சில் நெருப்புப் படுகிறது, பஞ்சு எரிகிறது. நீங்கள் பார்த்தது என்ன? நெருப்புப் பட்டபோது எரிந்ததைப் பார்த்தீர்கள். நெருப்புப் பட்டதால்தான் எரிந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தைக் கண்ணால் பார்த்தீர்களா? இல்லை. எரிவதை ஒவ்வொரு முறையும் படைப்பவன் இறைவன். அவன் தன் வழக்கத்தை மாற்றாததால் உலகம் ஒழுங்காக ஓடுகிறது என்பது அவர் நிலை. இடம் இருந்தால்தானே அற்புதம் நிகழ முடியும்? அந்த இடத்தைத்தான் அவர் இப்படிக் காத்தார்.

"அப்படியானால் வீட்டில் வைத்துவிட்டு வந்த புத்தகம் இந்நேரம் குதிரையாக மாறியிருக்குமோ என்று பயப்பட வேண்டுமா?" என்று எதிராளி கேட்பதாக அவரே கேள்வியும் போடுகிறார். வேண்டாம், அப்படி நடக்காது என்ற அறிவையும் இறைவனே நமக்குள் வைத்திருக்கிறான் என்பது பதில். இந்த வாதத்தின் முதல் பாதியை, ஆறு நூற்றாண்டுகள் கழித்து, ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் இறைவன் இல்லாமலேயே சொன்னார். அவர் நவீன அறிவொளிச் சிந்தனையின் தூண்களில் ஒருவர் ஆனார். அதே வாதத்துக்காக கஸ்ஸாலியை அறிவியலின் கொலையாளி என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அவருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் பாருங்கள். 1259இல் நஸீருத்தீன் தூஸி மராகாவில் பெரிய வானாய்வகம் அமைத்தார். 1640இல் இறந்த முல்லா ஸத்ரா ஈரானில் ஒரு புதிய தத்துவ மரபையே தொடங்கிவைத்தார். 18ஆம் நூற்றாண்டில் லக்னோவின் ஃபிரங்கி மஹலில் உருவான தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தில் தர்க்கத்துக்கும் தத்துவத்துக்கும் தாராளமாக இடம் இருந்தது.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: கஸ்ஸாலி நடத்தியது, உறுதியான அறிவு எது, ஊகம் எது என்ற சண்டை. முழுக்க முழுக்க அறிவுக் கேள்வி.

காழியின் தீர்ப்பு

இப்னு ருஷ்த் 1126இல் ஸ்பெயினின் கொர்தோபாவில் பிறந்தார். தாத்தா அந்த நகரத்தின் தலைமைக் காழி, அதாவது மார்க்கச் சட்ட நீதிபதி. இவரும் 1169இல் செவில்லாவில் காழியானார், பிறகு கொர்தோபாவில். மருத்துவரும்கூட. மத்ஹபுகள் எனப்படும் சட்ட மரபுகளின் கருத்துவேறுபாடுகளை ஒப்பிட்டு அவர் எழுதிய ஃபிக்ஹு நூல் இன்றும் பாடம் நடத்தப்படுகிறது. ஃபிக்ஹு என்றால் மார்க்கச் சட்டவியல். அவரை வெறும் தத்துவவாதியாகப் பார்க்கிறவர்கள் இந்தக் காழியை மறந்துவிடுகிறார்கள். கதையின் திறவுகோலோ அந்தக் காழியின் கையில் இருக்கிறது.

ஏறத்தாழ 1179இல் அவர் ஒரு சிறு நூல் எழுதினார். பெயர் 'ஃபஸ்லுல் மகால்'. ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, கேட்கிற பாணியிலேயே தொடங்குகிறது: தத்துவமும் தர்க்கமும் படிப்பது ஷரீஅத் என்ற மார்க்கச் சட்டத்தின் பார்வையில் ஆகுமானதா, ஹராமா (தடுக்கப்பட்டதா), விரும்பத்தக்கதா, கடமையா? குர்ஆன் படைப்புகளைச் சிந்தித்துப் பார்க்கச் சொல்கிறது. நன்றாகச் சிந்திக்கக் கருவி வேண்டும். ஆகவே தகுதி உள்ளவருக்கு அது கடமை என்று தீர்ப்புச் சொல்கிறார்.

"கிரேக்கர்கள் நம் மார்க்கத்தவர் இல்லையே?" இதற்கு அவர் தரும் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. குர்பானி கொடுக்கும் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அறுப்பு கூடுமா கூடாதா என்று பார்க்கும்போது, கத்தி உரிய நிபந்தனைகளோடு இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். அது நம் மார்க்கத்தவருக்குச் சொந்தமானதா என்று கேட்பதில்லை. தர்க்கமும் அப்படி ஒரு கருவி.

"தத்துவம் படித்துச் சிலர் வழிதவறிப் போனார்களே?" தண்ணீர் குடிக்கும்போது புரையேறிச் சிலர் இறந்திருக்கலாம். அதற்காகத் தாகத்தில் தவிப்பவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் சாகவிடுவீர்களா? புரையேறுவது தற்செயல், தாகத்தால் சாவது நிச்சயம்.

கடைசியாகப் பெரிய கேள்வி: நிரூபணம் ஒன்று சொல்ல, வேத வசனத்தின் வெளிப்பொருள் வேறொன்று சொன்னால்? உண்மை உண்மைக்கு எதிராகாது, அதற்குச் சாட்சி சொல்லும் என்கிறார். அப்படிப்பட்ட இடத்தில் வசனத்துக்கு தஃவீல் செய்ய வேண்டும். தஃவீல் என்பது, அரபி மொழி வழக்கு அனுமதிக்கும் எல்லைக்குள் நேர்ப்பொருளிலிருந்து உள்பொருளுக்குப் போவது.

கஸ்ஸாலியின் பஞ்சு வாதத்துக்கு 'குளறுபடியின் குளறுபடி' என்ற தனி நூலில் பதில் சொன்னார். காரணங்களை மறுப்பவர் அறிவையே மறுக்கிறார், ஏனென்றால் ஒன்றை அறிவது என்பதே அதன் காரணத்தை அறிவதுதான் என்பது அதன் சாரம்.

அந்தத் தீர்ப்பில் இல்லாதவை

இவ்வளவும் படித்துவிட்டு "ஆகா, நவீன மனிதர்" என்று தோன்றினால் கொஞ்சம் நில்லுங்கள்.

இப்னு ருஷ்த் மக்களை மூன்றாகப் பிரிக்கிறார்: நிரூபணத்தைப் பின்தொடரக்கூடிய சிலர், விவாதத்தால் ஒப்புக்கொள்பவர்கள், நயமான பேச்சாலும் உவமையாலும் நம்பும் பெரும்பான்மை. உள்பொருளை மூன்றாம் வகையாரிடம் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாக எழுதுகிறார். கஸ்ஸாலிமேல் அவருக்கு இருந்த பெரிய குறைகளில் ஒன்று, இந்த விஷயங்களை எல்லாரும் படிக்கிற நூல்களில் போட்டு உடைத்துவிட்டார் என்பது. எல்லாரும் பொதுவில் தம் அறிவைப் பயன்படுத்தட்டும் என்ற 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் குரலுக்கு இது நேர் எதிர்.

அதிகாரக் கேள்வியை அவர் எழுப்பவே இல்லை. கலீஃபா அபூ யஅகூப் யூசுஃபை முதலில் சந்தித்தபோது, "வானம் தொடக்கமில்லாதது என்று தத்துவவாதிகள் சொல்கிறார்களா?" என்று கலீஃபா கேட்க, இவர் பயந்துபோய், தமக்குத் தத்துவத்தோடு தொடர்பே இல்லை என்றாராம். கலீஃபாவே விஷயத்தைச் சரளமாகப் பேசத் தொடங்கிய பிறகுதான் மூச்சு வந்தது. அந்தக் கலீஃபாவின் ஆதரவில் அரிஸ்டாட்டிலுக்கு உரைகள் எழுதினார். அடுத்த கலீஃபாவின் காலத்தில், 1195இல், அவர் நூல்கள் எரிக்கப்பட்டன. லூசேனாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பிறகு மன்னிக்கப்பட்டு 1198இல் மர்ராகிஷில் இறந்தார். ஒருவருடைய சிந்தனை ஒரு சுல்தானின் மனநிலையைப் பொறுத்து வாழ்ந்ததும் எரிந்ததும் இங்கே கண்ணெதிரே தெரிகிறது. அந்த நிலையையே மாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவருடைய எழுத்தில் இல்லை. அந்தக் காலத்தில் வேறெங்கும்கூட அது அரிது.

கூட்டுக்குடும்ப உவமையில் சொன்னால், இவர் மாத்திரைக்கு வாதாடிய பேரன். தனி அடுப்புக் கேட்டவர் இல்லை.

பாரீஸுக்குப் போனது எது?

13ஆம் நூற்றாண்டில் இப்னு ருஷ்தின் அரிஸ்டாட்டில் உரைகள் லத்தீனுக்கு வந்தன. பாரீஸ் பல்கலைக்கழகத்தில் "உரையாசிரியர்" என்றாலே அவர்தான். சிகேர் என்ற ஆசிரியரும் அவரைச் சேர்ந்தவர்களும் இந்த உரைகளை வைத்து, இறையியலைக் கலக்காமல் தத்துவம் நடத்தினார்கள். 1277இல் பாரீஸ் ஆயர் 219 கருத்துகளைத் தடைசெய்தார். தத்துவத்தின்படி ஒன்றும் சமயத்தின்படி அதற்கு எதிரான இன்னொன்றும் இரண்டுமே உண்மை என்று இவர்கள் பேசுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. இதற்கு இரட்டை உண்மை என்று பெயர். இந்தப் பெயர் இப்னு ருஷ்தின் தலையிலும் விழுந்தது. உண்மை உண்மைக்கு எதிராகாது என்று எழுதியவரின் மேலேயே!

இந்த வினோதத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஃபஸ்லுல் மகால் அன்றைய லத்தீன் வாசகர்கள் கைக்குப் போகவே இல்லை. உரைகள் போயின, காழியின் தீர்ப்பு போகவில்லை.

ஐரோப்பா அவரிடமிருந்து பெற்றது, வேதத்தை முதற்கூற்றாக வைக்காமல் நடத்தக்கூடிய ஒரு பாடமுறை. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அங்கே அரசும் திருச்சபையும் தனி அடுப்பு வைத்தது வேறு கதை. கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்ட்களும் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு ஓய்ந்த பிறகுதான் அது மெல்ல வந்தது.

மதச்சார்பின்மை என்ற சொல்

ஆங்கிலத்தில் அந்தக் கொள்கைக்கான பெயரே 1851இல்தான் உருவானது. அரபியில் அல்மானிய்யா, உலகம் எனப் பொருள்படும் ஆலம் என்ற சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஒரே பெயரில் பல ஏற்பாடுகள் இருக்கின்றன. பிரான்ஸ் 1905இல் சட்டம் போட்டு அரசையும் சபைகளையும் பிரித்தது. துருக்கி 1924இல் கிலாஃபத்தை (கலீஃபா பதவியை) ஒழித்துவிட்டு, பள்ளிவாசல்களை அரசுத் துறை ஒன்றின் கீழ் கொண்டுவந்தது. இந்தியாவில் அந்தச் சொல்லுக்கு அரசு எல்லா மதங்களையும் சமமாக நடத்துவது என்ற பொருளே அதிகம் புழங்குகிறது. "இஸ்லாமும் மதச்சார்பின்மையும் ஒத்துப்போகுமா?" என்று யாராவது கேட்டால், எந்த நாட்டு மதச்சார்பின்மை என்று திருப்பிக் கேட்பதுதான் சரி.

எகிப்தில் இரண்டு கேள்விகளும் சந்தித்தன

1902இல் எகிப்தில் ஃபரஹ் அந்தூன் என்ற லெபனான் கிறிஸ்தவர் தம் பத்திரிகையில் இப்னு ருஷ்தைப் பற்றி எழுதினார். தத்துவவாதிகளைக் கிறிஸ்தவம் அதிகம் பொறுத்துக்கொண்டது, ஏனென்றால் அங்கே ஆன்மிக அதிகாரமும் அரசதிகாரமும் வேறு. இஸ்லாமில் இரண்டும் ஒரே கையில் என்பது அவர் வாதம். தம் நூலை, மதத்தையும் உலகியலையும் கலப்பதன் தீங்கை உணர்ந்த கீழை நாடுகளின் இளந்தலைமுறைக்குக் காணிக்கையாக்கினார். இப்னு ருஷ்தின் பெயரில் அதிகாரக் கேள்வி வெளிப்படையாக எழுந்தது அப்போதுதான்.

பதில் சொன்னவர் எகிப்தின் முஃப்தி (மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தலைமை அறிஞர்) முஹம்மத் அப்துஹு. இஸ்லாமில் போப்பைப் போன்ற அதிகாரம் யாருக்கும் கிடையாது, நல்லதைச் சொல்லி எச்சரிக்கும் உரிமைதான் உண்டு. கலீஃபா எல்லா வகையிலும் ஒரு குடிமை ஆட்சியாளரே என்றார். மார்க்க ஆட்சியே இல்லாத இடத்தில் எதை எதிலிருந்து பிரிப்பது என்பது அவர் கருத்து.

கால் நூற்றாண்டு கழித்து நம் பக்கத்திலும் ஒரு குரல் கேட்டது. 1929 ஜனவரியில் கவிஞரும் தத்துவவாதியுமான முஹம்மத் இக்பால் சென்னையில் உரைகள் ஆற்றினார். இஸ்லாமியச் சிந்தனையை மீண்டும் கட்டியெழுப்புவது பற்றிய அவருடைய நூலுக்குள் அவை சேர்ந்தன. அவருக்குக் கிரேக்கத் தத்துவத்தின்மேலேயே குறை இருந்தது: கண்ணால் கண்டு ஆராயச் சொல்லும் குர்ஆனின் போக்கை அது மறைத்துவிட்டது என்றார். கஸ்ஸாலியை ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டோடு ஒப்பிட்டார். நவீனச் சிந்தனையோடு உரையாட வேண்டும் என்பவர்கள் எல்லாரும் இப்னு ருஷ்தின் கட்சிக்காரர்கள் என்று நினைப்பதை அவரை நினைத்தாவது கைவிட வேண்டும்.

இரண்டு சகோதரர்கள்

கிலாஃபத் ஒழிந்த மறு ஆண்டு, 1925இல், அலீ அப்துர் ராஸிக் என்ற ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒரு சிறு நூல் வெளியிட்டார். கெய்ரோவின் பழம்பெரும் மார்க்கக் கல்வி நிலையமான அஸ்ஹரைச் சேர்ந்தவர். அவரும் ஒரு ஷரீஅத் நீதிமன்ற நீதிபதி. நபியின் பணி தூதுப்பணி. குறிப்பிட்ட எந்த ஆட்சிமுறையையும் மார்க்கம் கட்டாயமாக்கவில்லை. முஸ்லிம்கள் தங்கள் அறிவாலும் அனுபவத்தாலும் அரசமைத்துக்கொள்ளலாம் என்று வாதிட்டார். கவனியுங்கள், அவர் பேசியது குர்ஆன், ஹதீஸ், அறிஞர்களின் ஒருமித்த முடிவு என்ற பழைய சட்ட மொழியில். ஃபல்ஸஃபா மொழியில் இல்லை. அஸ்ஹரின் மூத்த அறிஞர் குழு அவரை ஆலிம்களின் வரிசையிலிருந்து நீக்கியது. நீதிபதி வேலையும் போயிற்று.

அவருடைய அண்ணன் முஸ்தஃபா, அப்துஹுவின் மாணவர், கெய்ரோ பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தத்துவப் பேராசிரியர். 1944இல் அவர் எழுதிய நூலில், இஸ்லாமியத் தத்துவத்தின் பிறப்பைக் கிரேக்க மொழிபெயர்ப்புகளில் தேட வேண்டாம், அதற்கு முன்பே சட்டக் கேள்விகளுக்குச் சுய அறிவால் பதில் தேடிய ஃபிக்ஹு அறிஞர்களிடம் தேடுங்கள் என்றார். மறு ஆண்டு, தம்பியை நீக்கிய அதே அஸ்ஹரின் தலைமைப் பொறுப்பில், ஷைகுல் அஸ்ஹராக, அவர் அமர்ந்தார்.